தேடுற கையும் தள்ளுற கையும்

– அந்த ஒரு வார்த்தையை மட்டும் மாத்திடுங்க, சிஸ்டர். வேற எதுவும் நான் கேக்கல.

– நாலாவது தடவையா சொல்றேன், டீச்சர். என்னால மாத்த முடியாது.

– ஏன் முடியாது? பேனாவை எடுத்து ஒரு கோடு. அதுக்கு மேல சரியான வார்த்தை. தினமும் நாப்பது நோட்டுல நான் அதைத்தான் செய்யறேன்.

– இது பசங்க நோட்டு இல்ல. ஆஸ்பத்திரி சார்ட். இதுல நான் ஒரு கோடு போட்டா மேட்ரன், டாக்டர், ஆபீஸ்னு மூணு இடத்துல கைகட்டி நின்னு பதில் சொல்லணும். முதல்ல உக்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், ஒரு கால் ஆடும். இப்படி நாற்காலியில உக்காருங்க.

– உக்கார நேரமில்ல. மணி என்ன ஆச்சு?

– ரெண்டு இருபத்தஞ்சு.

– மூணு மணிக்கு டாக்டர் ரவுண்டு. சரியா?

– சரி.

– எங்கப்பா கட்டில்ல சிவப்பு ரிப்பன் கட்டி இன்னியோட பதினஞ்சு நாள். பதினஞ்சு நாளும் சிவப்புலயே இருந்தா மேல மாடிக்கு மாத்திடுவீங்க. பூட்டின வார்டு. ஞாயித்துக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் பாக்கலாம். அதுவும் கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு. சரியா?

– எல்லாத்தையும் விசாரிச்சுட்டுத்தான் வந்திருக்கீங்க.

– விசாரிக்கல. லிஃப்ட் பக்கத்துல போர்டு மாட்டியிருக்கு. நேத்து நின்னு படிச்சேன். வீட்டுக்குப் போய் சோறு இறங்கல.

– தண்ணி குடிக்கிறீங்களா?

– வேண்டாம். சார்ட்டை எடுங்க. பதினொண்ணாம் கட்டில். இதோ, நடத்தைன்னு போட்ட கட்டத்துல என்ன எழுதியிருக்கீங்க? 'அஜிடேட்டட்'. எங்கப்பா அது இல்ல. அவர் 'ரெஸ்ட்லெஸ்'. ரெண்டும் பாக்கப் பக்கத்து வீடு போலத்தான் இருக்கும். ஆனா நடுவுல சுவர் இருக்கு.

– ரெண்டுமே சும்மா ஒரு இடத்துல இருக்காத ஆளுதானே டீச்சர்?

– அதான் இல்ல. கேளுங்க, ஒன்பதாங் கிளாஸ்ல நான் இப்படித்தான் சொல்லிக் குடுப்பேன். ரெஸ்ட்லெஸ்னா இருப்புக்கொள்ளாதவன். பஸ் வருதான்னு எட்டி எட்டிப் பாக்கறவன். உக்காருவான், எந்திரிப்பான், பையைத் தோள் மாத்துவான். அவனுக்கு ஏதோ ஒண்ணு வேணும், அவ்வளவுதான். பஸ் வந்துட்டா அடங்கிடுவான். அஜிடேட்டட்னா உள்ளுக்குள்ள கொந்தளிச்சுக்கிட்டு இருக்கிறவன். பஸ் வந்தாலும் அடங்க மாட்டான். கண்டக்டர் சட்டையைப் பிடிப்பான். புரியுதா?

– புரியுதான்னு கேக்காதீங்க டீச்சர். எனக்கு எழுந்து நின்னு 'புரியுது மிஸ்'னு சொல்லணும்போல இருக்கு.

– விளையாடாதீங்க, சிஸ்டர். என் நெலமை விளையாடற நெலமை இல்ல.

– விளையாடல. தப்பா எடுத்துக்காதீங்க. முப்பது கட்டிலுக்கு ரெண்டு நர்ஸ். இப்படி ஏதாவது சொல்லிக்கலேன்னா நாங்களும் இங்க ஒரு கட்டில் கேட்டுப் படுத்துக்க வேண்டியதுதான். சொல்லுங்க.

– எங்கப்பாவுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோச்சு. பேச்சு போச்சு. புத்தி போகல, எழுத்தும் போகல, எல்லாம் புரியுதுன்னு உங்க டாக்டரே எழுதியிருக்கார். மிச்சம் இருக்கிறது இடது கை ஒண்ணுதான். அது போர்வைமேல எதையோ தேடிக்கிட்டே இருக்கும். இப்படி, விரலால தடவித் தடவி. தேடுற கை வேற, தள்ளுற கை வேற, சிஸ்டர். நீங்க தேடுற கையைப் போய்க் கட்டி வெச்சிருக்கீங்க.

– துணியாலதான் கட்டியிருக்கு.

– துணின்னா? மணிக்கட்டுல தோல் உரிஞ்சிருக்கு. நேத்து மருந்து தடவினேன். ரெஸ்ட்லெஸ்னு எழுதியிருந்தா மஞ்சள் ரிப்பன். அரை மணிக்கு ஒரு தடவை யாராவது போய் 'என்ன வேணும்'னு பாக்கணும்னு உங்க சட்டமே சொல்லுது. சிவப்புன்னா கட்டிப் போட்டா போதும். என்ன வேணும்னு ஒருத்தரும் கேக்க வேண்டாம். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தைல இவ்வளவு இருக்கு.

– அந்த வார்த்தையை நாங்க சும்மா எழுதல. படிக்கிறேன், கேளுங்க. 'கட்டிலை ஆட்டுகிறார். கம்பியைப் பிடித்து உலுக்குகிறார்.' இது முந்தாநேத்து. 'தண்ணீர் குடிக்கக் கட்டை அவிழ்த்ததும் டம்ளரைத் தட்டிவிட்டார்.' இது வெள்ளிக்கிழமை. 'மேட்ரன் கையைத் தட்டிவிட்டார்.' இது நேத்து.

– எங்கப்பாவா?

– பதினொண்ணாம் கட்டில்.

– நாப்பது வருஷம் அச்சாபீஸ்ல புரூஃப் பாத்தவர், சிஸ்டர். அவர் குரல் உசந்து நான் கேட்டதில்ல. ரொம்பக் கோவம் வந்தா பென்சிலைக் காதுல சொருகிக்கிட்டு தெருமுனை வரைக்கும் நடந்துட்டு வருவார், அவ்வளவுதான். தினமும் ஸ்கூல் விட்டு நாலரை மணிக்கு நான் வரேன், இன்னிக்குத்தான் லீவு போட்டுட்டு முன்னாடியே வந்தேன். ஒரு நாள்கூட அவர் கட்டிலை ஆட்டி நான் பாக்கல. யாரோ கட்டில் மாறி எழுதியிருக்கீங்க.

– கட்டில் மாறல.

– சிஸ்டரம்மா, பதினொண்ணுல பேப்பரை எடுத்துட்டு வந்துடட்டா? மணி ஆகுதே.

– அப்புறம் பாத்துக்கலாம், ஆயாம்மா.

– மூணுக்கு முன்னாடி எடுத்துடணும்னு நீங்கதானே சொல்லி வெச்சிருக்கீங்க? அப்புறம் எடுக்கலைன்னு என்னைத்தான் வைவீங்க. எனக்கென்ன.

– அப்புறம்னு சொன்னேன் இல்ல? போய் இருபதாம் கட்டிலுக்குத் தண்ணி வைங்க.

– வைக்கிறேன், வைக்கிறேன். நல்லதுக்கே காலமில்ல.

– என்ன பேப்பர், சிஸ்டர்?

– தட்டுக்கு அடியில விரிக்கிற பேப்பர். சொல்லிக்கிட்டு இருந்தீங்களே, சொல்லுங்க.

– இந்தப் பக்கங்களைப் பாருங்க. இன்னிக்குக் காலைல ஒருத்தர் எழுதியிருக்கார். நேத்து ராத்திரி இன்னொருத்தர். அதுக்கு முன்னாடி வேற ஒருத்தர். கையெழுத்து வேற வேற, வார்த்தை மட்டும் ஒண்ணு. பதினஞ்சு நாளும் அதே வார்த்தை. நாப்பது நோட்டுல ஒரே தப்பு வந்தா என்ன அர்த்தம் தெரியுமா?

– தெரியல, மிஸ்.

– முதல் பெஞ்சுல ஒருத்தன் எழுதினதைப் பாத்து மத்தவங்க எழுதியிருக்காங்கன்னு அர்த்தம்.

– ஒத்துக்கறேன். டியூட்டி மாறும்போது மேல் வரியைப் பாத்துத்தான் எழுதறோம். அது தப்புதான். முப்பது பேருக்கு எழுதி முடிக்கிறதுக்குள்ள பஸ் போயிடும்.

– அப்ப அந்த முதல் பெஞ்சு யார்?

– முதல் பக்கத்தைத் திருப்பணுமா, டீச்சர்?

– ஏன் தயங்கறீங்க?

– தயங்கல. நீங்களே திருப்புங்க. இந்தாங்க.

– வேண்டாம்.

– ஏன்? அதைக் கேக்கத்தானே வந்தீங்க?

– வேண்டாம், சிஸ்டர். அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்.

– எனக்கும் தெரியும். 'வீட்டார் சொன்னது'ங்கற கட்டம். கறுப்பு மை. சாய்ச்சு எழுதின அழகான கையெழுத்து. எழுதிட்டுக் கீழ 'மகள்'னு போட்டிருக்கீங்க. முதல் பெஞ்சு நீங்கதான்.

– தெரிஞ்சுமா இவ்வளவு நேரம் என்னைப் பாடம் நடத்த விட்டீங்க?

– நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன்.

– பேசிப் பேசி உங்களையே மாத்த வெச்சுடலாம்னு நினைச்சேன். என் கையெழுத்து வரைக்கும் போகாதுன்னு நினைச்சேன். வெக்கமா இருக்கு.

– உக்காருங்க. இப்பவாவது உக்காருங்க. ஏன் அப்படி எழுதினீங்க?

– சேக்க வந்த அன்னிக்கு கவுண்டர்ல இருந்தவர் சொன்னார். 'சும்மா இருப்புக்கொள்ளாம இருக்கார்னா மஞ்சள். மஞ்சள்ல இடமில்ல, மூணு மாசம் ஆகும். கொந்தளிப்பா இருக்கார்னா சிவப்பு. சிவப்புல இப்பவே கட்டில் காலியா இருக்கு. யோசிச்சு எழுதுங்க.' என் முகத்தைக்கூடப் பாக்கல. ஸ்டாம்ப் பேடைத் துடைச்சுக்கிட்டே சொன்னார்.

– யோசிச்சீங்களா?

– ரெண்டு நிமிஷம். பேனாவைத் திறந்து மூடினேன், திறந்து மூடினேன். எனக்கு வித்தியாசம் தெரியாம எழுதல, சிஸ்டர். வேற யாராவது அந்த வார்த்தையை எழுதியிருந்தா அறியாமைன்னு விட்டுடலாம். நான் தெரிஞ்சு எழுதினேன். என் பொழப்பே அந்த வித்தியாசத்தைச் சொல்லிக் குடுக்கறதுதான்.

– வீட்டுல கூட யாரும் இல்லையா?

– நானும் அப்பாவும்தான். அண்ணன் ஃபோன்ல வருவான். 'அப்பாவை நல்லாப் பாத்துக்கோ'ன்னு சொல்லிட்டு வெச்சுடுவான். பாத்துக்கிட்டேன். அஞ்சு மாசம் நல்லாத்தான் பாத்துக்கிட்டேன். ராத்திரி பூரா அவர் கை அலைஞ்சுக்கிட்டே இருக்கும். தலையணைக்கு அடியில, போர்வைக்குள்ள, கட்டிலுக்குக் கீழ. விழுந்துடுவாரோன்னு நான் கண்ணைக் கொட்டாம உக்காந்திருப்பேன். ஒரு நாள் கிளாஸ்ல போர்டுல எழுதிக்கிட்டே தூங்கிட்டேன்.

– நின்னுக்கிட்டேவா?

– நின்னுக்கிட்டே. சாக்பீஸ் கோடு நேரா கீழ வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. பசங்க சிரிக்கக்கூட இல்ல. அதுதான் எனக்கு பயமாப் போச்சு. அடுத்த வாரம்தான் அப்பாவைக் கூட்டிக்கிட்டு இங்க வந்தேன்.

– ம்.

– அந்த வார்த்தையை எழுதிட்டு அன்னிக்கு ராத்திரி வீட்டுல படுத்தேன். பத்து மணி நேரம் தூங்கினேன். காலைல எழுந்து கண்ணாடியில என் மூஞ்சியைப் பாக்கப் பிடிக்கல.

– கேளுங்க, டீச்சர். ஒரு வழி இருக்கு. சேக்கும்போது வீட்டார் எழுதினதை நாங்க திருத்த முடியாது. எழுதினவங்க திருத்தலாம். 'நான் எழுதினது உண்மை இல்ல, அவர் அப்படி இல்ல'ன்னு நீங்க நாலு வரி எழுதிக் குடுத்தா, ரவுண்டு வரும்போது டாக்டர் கையில நானே குடுக்கறேன். அவர் பாத்துட்டு மஞ்சள் போட்டுடுவார்.

– குடுங்க. பேப்பர் குடுங்க. இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!

– ஒரு நிமிஷம். முழுசாக் கேளுங்க. மஞ்சள் கட்டில் இந்த வார்டுல ஆறுதான். ஆறுலயும் ஆள் இருக்கு. மஞ்சள்னு முடிவானா உங்கப்பாவுக்கு இங்க கட்டில் கிடையாது. இன்னிக்கு சாயங்காலமே வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போகணும்.

– இன்னிக்கேவா?

– இன்னிக்கே.

– ஒரு வாரம் டைம் குடுக்க மாட்டாங்களா? ஸ்கூல்ல சொல்லிட்டு, ஆள் யாராவது பாத்து…

– சிவப்புக்குக் காத்துக்கிட்டு இருக்கிறவங்க கீழ ஹால்ல உக்காந்திருக்காங்க, டீச்சர். கட்டில் காலியாகிற நிமிஷத்துல ஏத்திடுவாங்க.

– ஓ.

– அழாதீங்க.

– அழல. என்னால முடியாது, சிஸ்டர். வாய்விட்டுச் சொல்லிடறேன், முடியாது. திரும்பவும் அந்த ராத்திரியெல்லாம் வந்தா நான் செத்துப் போயிடுவேன். இல்ல, அவரை எங்கயாவது விட்டுட்டு ஓடிடுவேன். நான் அவ்வளவு நல்லவ இல்ல.

– யாரும் உங்களைக் கெட்டவன்னு சொல்லல.

– இருக்கட்டும். அந்த வார்த்தை இருந்தபடியே இருக்கட்டும். மேல மாடியிலயும் மனுஷங்கதானே பாத்துக்கறாங்க? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வரேன். நான் கிளம்பறேன். ரவுண்டு வரும்போது என்னால அங்க நிக்க முடியாது.

– போய் அவரைப் பாத்துட்டுப் போங்க.

– எந்த முகத்தோட பாக்க? அவர் கையைக் கட்டி வெச்சதே நான்தானே. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க, சிஸ்டர். இந்தப் பதினஞ்சு நாள்ல நீங்க ஒருத்தர்கூட அவர் அமைதியா இருந்து பாக்கலையா? ஒரு மணி நேரமாவது?

– சொல்லக் கூடாதுன்னு ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.

– யாருக்கு?

– சார்ட்டை இப்படிக் குடுங்க. வார்த்தையை விடுங்க. இந்தக் கடைசிக் கட்டத்தைப் பாருங்க. கட்டிலை ஆட்டின நேரம் எழுதியிருக்கோம் இல்ல? மேலேர்ந்து படிங்க.

– எட்டு அஞ்சு. மூணு ரெண்டு. எட்டு ஏழு. மூணு அஞ்சு. எட்டு நாலு. மூணு மூணு… எல்லா நாளும் எட்டும் மூணும்தான் இருக்கு.

– காலைல எட்டு மணிக்கு மேட்ரன் ரவுண்டு. மத்தியானம் மூணு மணிக்கு டாக்டர் ரவுண்டு.

– அதனால என்ன? கும்பலைப் பாத்து பயப்படறாரா?

– பயப்படற ஆள் அவங்க போன அடுத்த நிமிஷமே நிறுத்திட்டுத் தலையணையில சாவகாசமாச் சாஞ்சுக்க மாட்டார், டீச்சர். நாலாம் நாள் மத்தியானம் செருப்பு அறுந்துபோய் வெறுங்காலோட வார்டுக்குள்ள போனேன். நான் வந்தது அவருக்குக் கேக்கல. பக்கத்துக் கட்டில் மருந்து பாட்டில்ல ஒட்டின சீட்டை, கழுத்தை நீட்டிப் படிச்சுக்கிட்டு இருந்தார். நிதானமா. ஒவ்வொரு வரியா.

– எங்கப்பா அப்படித்தான். எழுத்துன்னு ஒண்ணு கண்ணுல பட்டா படிக்காம விட மாட்டார்.

– அன்னிக்குக் கட்டை அவிழ்த்துவிட்டேன். வார்டுக்கு வர்ற பேப்பரைக் குடுத்தேன். கை போர்வையில தேட ஆரம்பிச்சது. என் பாக்கெட்டுல இருந்த பென்சிலை எடுத்து நீட்டினேன். அவ்வளவுதான், கை நின்னுடுச்சு. இடது கையால பேப்பர்ல தப்பு கண்டுபிடிச்சுக் குறி போட ஆரம்பிச்சார். அன்னிலேர்ந்து தினமும் ஒண்ணுலேர்ந்து மூணு மணி வரைக்கும் அதுதான் நடக்குது. ஆயாம்மா எடுக்கட்டான்னு கேட்டது அந்தப் பேப்பரைத்தான்.

– பென்சிலா? பென்சிலையா தேடினார்?

– ஏன், வீட்டுல இல்லையா?

– டப்பா நிறைய இருந்துச்சு. வாதம் வந்த வாரமே எல்லாத்தையும் எடுத்துப் பரண்மேல போட்டுட்டேன். விழும்போது எங்கயாவது குத்திப்பாரோன்னு. காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டுவார், காது வலின்னு நினைச்சுட்டேன். அஞ்சு மாசம் அவர் தேடினது… அஞ்சு மாசம் நானும் பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேனே, சிஸ்டர்!

– தெரியாம செஞ்சதுக்கு என்ன பண்றது.

– நாலாம் நாளே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அப்பவே ஏன் டாக்டர்கிட்ட சொல்லல? பதினோரு நாள் கட்டிப் போட்டிருக்கீங்களே!

– சொல்லத்தான் எழுந்தேன். என் கையைப் பிடிச்சுட்டார். வேண்டாம்னு தலையை ஆட்டினார். அப்புறம் கன்னத்துக்கு அடியில கையை வெச்சு, தூங்கற மாதிரி கண்ணை மூடிக் காட்டினார். காட்டிட்டு, நீங்க வந்தா உக்காருற நாற்காலி இருக்கு பாருங்க, அதைக் காட்டினார்.

– அதுக்கு முந்தின நாள் நான் அந்த நாற்காலியிலயே தூங்கிட்டேன். பாக்க வந்த ஒரு மணி நேரமும் தூங்கிட்டேன்.

– அதைத்தான் சொன்னார். அவ தூங்கட்டும்னு. தினமும் மூணு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி பேப்பரையும் பென்சிலையும் என்கிட்ட குடுத்துட்டுக் கையை அவரே நீட்டுவார், கட்டுங்கன்னு. எனக்கு அது பொறுக்காது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டுத்தான் கட்டுவேன். வார்த்தையை மாத்த முடியாது, முடியாதுன்னு உங்ககிட்ட அடம் பிடிச்சதும் அவருக்குக் குடுத்த வாக்குக்காகத்தான். அமைதியா இருந்தா கட்டில் போயிடும், நீங்க மறுபடியும் தூக்கமில்லாம நிப்பீங்கன்னு அவருக்குத் தெரியும்.

– எப்படித் தெரியும்? சிவப்பு, மஞ்சள், நான் எழுதின வார்த்தை, இதெல்லாம் அவருக்கு யார் சொன்னா?

– நீங்க எழுதும்போது அவர் எங்க இருந்தார்?

– பக்கத்துல. சக்கர நாற்காலியில. எழுதி முடிச்சதும் பேஷண்ட் கையெழுத்து வேணும்னாங்க. ஃபாரத்தை அவர் மடியில வெச்சேன். கண்ணைத் தொட்டுக் காட்டிக் கண்ணாடி கேட்டார், எடுத்துப் போட்டுவிட்டேன். அதுக்குள்ள உள்ளேர்ந்து என்னைக் கூப்பிட்டாங்க, போயிட்டு வந்தேன். வந்தப்ப கையெழுத்துப் போட்டு முடிச்சிருந்தார். நான் அப்படியே வாங்கிக் குடுத்துட்டேன்.

– நாப்பது வருஷம் புரூஃப் பாத்தவர் படிக்காம கையெழுத்துப் போடுவாரா?

– ஐயோ.

– இப்ப முதல் பக்கத்தைத் திருப்புங்க. பதினஞ்சு நாளா எனக்கு ஒண்ணு புரியல, உங்களுக்குப் புரியுதான்னு பாருங்க. நீங்க எழுதின வார்த்தை மேல யாரோ ஒரு கோடு இழுத்திருக்காங்க. கீழ வரிசையா புள்ளி புள்ளியா இருக்கு. பேனா ஒழுகினதுன்னு நினைச்சேன். ஆனா ஒழுகினா இவ்வளவு நேரா விழுமா?

– இது மை ஒழுகினது இல்ல, சிஸ்டர்.

– உங்களுக்குத் தெரியுமா அது என்னன்னு?

– தெரியும். நான் எழுத்துக் கத்துக்கறதுக்கு முன்னாடியே எனக்கு இந்தக் குறி தெரியும். வீடு பூரா புரூஃப் தாள்தான் கிடக்கும். கோடு போட்டா, இந்த வார்த்தை தப்பு, எடுத்துடுன்னு அர்த்தம். கையில பேனா வந்ததும் முதல்ல அதைத்தான் செஞ்சிருக்கார். நான் எழுதினது பொய்னு அடிச்சிருக்கார்.

– அப்ப அந்தப் புள்ளி?

– அடிச்சதுக்கப்புறம் மனசு மாறினா அடிச்ச வார்த்தைக்குக் கீழ வரிசையாப் புள்ளி வெப்பாங்க. நான் போட்ட கோட்டைக் கண்டுக்காத, அந்த வார்த்தை இருந்தபடியே இருக்கட்டும்னு அர்த்தம்.

– இப்ப அஞ்சு நிமிஷம் முன்னாடி நீங்க சொன்னதும் அதேதான்.

– நான் எனக்காகச் சொன்னேன், சிஸ்டர்.

– சிஸ்டரம்மா, சிஸ்டரம்மா! டாக்டரு கீழ வந்துட்டாரு, லிஃப்டுக்கு நிக்கறாரு. பெரியவரு அவரே பேப்பரை மடிச்சு என் கையில குடுத்துட்டாரு. கையையும் நீட்டினாரு, கட்டிட்டேன். எதுக்குத்தான் கட்டச் சொல்றாரோ, எனக்கென்ன தெரியும். தங்கமான மனுஷன்.

– மேல மாடிக்கு மாத்தப் போறது அவருக்குத் தெரியுமா, சிஸ்டர்?

– தெரியும். நேத்து மேட்ரன் அவர் கட்டில் பக்கத்துல நின்னுதான் பேசினாங்க. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் ஆளுங்களைப் பாக்கலாம்ங்கறதையும் கேட்டார். அதைக் கேட்டதும்தான் மேட்ரன் கையைத் தட்டிவிட்டார். சந்தேகமே வரக் கூடாதுன்னு.

– அது என்ன சத்தம்?

– லிஃப்ட் மணி.

– அது இல்ல. இரும்புச் சத்தம். கடகடன்னு.

– அவருக்கும் லிஃப்ட் மணி கேட்டிருக்கும், டீச்சர்.

– பேப்பரும் பேனாவும் குடுங்க, சிஸ்டர். சீக்கிரம். அப்பாவுக்குக் கை வலிக்கும்.